கரை உடைவதற்கு முன் பேசும்: ஏரிக்கரையை நாமும் கண்காணிப்போம்



வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில வாரங்களே உள்ளன. ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "ஏரி உடைஞ்சிடுமா பாய்?" செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் திருப்போரூர் பக்கத்திலும் ஏரிக்கரைக்குக் கீழே குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். நம் ஜமாஅத்துகளைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் அந்த வீடுகளில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

இந்தக் கேள்விக்கு "உடையாது" என்றோ "உடையும்" என்றோ நம்மால் பதில் சொல்ல முடியாது. ஆனால் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. மண்கரை பெரும்பாலும் திடீரென்று உடைவதில்லை. உடைவதற்கு முன் ஏதேனும் ஒரு அடையாளம் காட்டும். அதைக் கண்டுகொள்ளத் தெரிந்தவர் கரையடியில் இருந்தால், கரையையும் காப்பாற்றலாம், உயிர்களையும் காப்பாற்றலாம். அந்த அடையாளங்கள் எவை, கண்டால் யாரிடம் சொல்வது, எதைச் செய்யக்கூடாது என்பவற்றை விளக்கவே இந்தக் கட்டுரை.

ஸபஉ நாட்டின் அணை

அணை உடைந்த செய்தி நமக்குப் புதிதல்ல. அல்குர்ஆனின் 34ஆவது அத்தியாயமான ஸபஉவில், வலப்புறமும் இடப்புறமும் தோட்டங்கள் செழித்த ஒரு நாட்டையும், அதை அழித்த 'அரிம்' வெள்ளத்தையும் ஓதுகிறோம். யமன் நாட்டில் மஃரிப் என்ற ஊரருகே அந்த அணையின் எச்சங்கள் இன்றும் நிற்கின்றன. நடுவே நின்றது மண்ணைக் குவித்துக் கல்பதித்த கரை. இரு ஓரங்களிலும் கல்லால் கட்டிய மதகுகள். ஒன்று வடபுறத் தோட்டங்களுக்கும் மற்றொன்று தென்புறத் தோட்டங்களுக்கும் நீர் கொடுத்தது. அமைப்பில் அது நம் ஊர் ஏரிக்கரையின் உறவுதான்.

அந்த அணை ஆயிரம் ஆண்டுக்கும் மேல் நின்றது. இடையில் பலமுறை உடைந்தது; ஒவ்வொரு முறையும் செப்பனிடப்பட்டது. யானைப் படையோடு கஅபாவை இடிக்க வந்த ஆப்ரஹா, தன் ஆட்சியில் இந்த அணையைப் பழுதுபார்த்ததைக் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடைசியாக உடைந்தபோது அதைத் திரும்பக் கட்ட எவரும் இல்லை. மக்கள் சிதறிப் போனார்கள். பழைய அணைக்கு அருகிலேயே புதிய அணை எழுந்தது 1986இல்தான். அமீரகத்தின் ஷேக் ஸாயித் அதற்குப் பொருளுதவி செய்தார்.

இப்னு கஸீர் போன்ற தஃப்ஸீர்களில் ஒரு செய்தி வருகிறது: எலிகள் அணையைக் குடைந்து பலவீனப்படுத்தின என்று. நன்றி மறந்த சமூகத்துக்கு வந்த தண்டனையின் வரலாறாகவே இதை நம் ஆலிம்கள் விளக்குகிறார்கள். அதோடு, ஒரு பெரிய அணைக்குச் சிறிய எலி வளை போதும் என்ற பாடத்தையும் நாம் எடுத்துக்கொள்ளலாம். நம் பொறியாளர்கள் இன்றும் கரையில் முதலில் தேடுவது எலி வளையைத்தான்.

நம் ஏரிகளும் அணைகளே

"அணை" என்றதும் மேட்டூரும் பவானிசாகரும் நினைவுக்கு வரும். ஆனால் மழைநீரை மண்கரையால் மறித்து வைத்திருக்கும் ஒவ்வொரு ஏரியும் ஓர் அணைதான். செங்கல்பட்டு மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 528 ஏரிகள் உள்ளன. ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ள சிறு ஏரிகளும் தாங்கல்களும் தனி.

இவற்றில் மிகப் பெரியது மதுராந்தகம் ஏரி. முழு ஆழம் 23 அடிக்குச் சற்று மேல்; கொள்ளளவு சுமார் 694 மில்லியன் கனஅடி. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 1,965 கோடி. இவ்வளவு நீரையும் தடுத்து நிற்பது மண். உபரி நீர் கிளியாற்றில் இறங்கிப் பாலாற்றில் சேர்கிறது.

இந்த ஏரிக்கரையில் இருக்கும் கோயிலுக்கு 'ஏரி காத்த ராமர்' என்று பெயர். 1790களில் செங்கல்பட்டுப் பகுதியின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் காலத்துக் கதை அதற்குப் பின்னால் இருக்கிறது. ஆண்டுதோறும் கரை உடைவதும் அடைப்பதுமாக இருந்த நிலையில், பெருமழை பெய்த ஓர் இரவில் கரை தப்பியது என்பது அந்த ஊர் மக்களின் நம்பிக்கை. கோயிலில் அந்த கலெக்டரின் பெயர் பொறித்த கல்வெட்டும் உள்ளது. நம்பிக்கை அவரவர்க்கு உரியது. அந்தக் கதையில் நாம் அனைவரும் காண வேண்டியது, ஏரி உடைந்துவிடுமோ என்ற அச்சம் இந்த மண்ணில் எத்தனை பழையது என்பதை. மழை கொட்டும் இரவில் கலெக்டரே கரைக்கு வந்து நின்றார் என்கிறது கதை. ஆபத்து நேரத்தில் பொறுப்பாளர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

மதுராந்தகத்துக்கு அருகில் உள்ள உத்திரமேரூரில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் ஊர் வாரியங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை அவை சொல்கின்றன. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். அதாவது ஏரியைக் கவனிப்பதற்கென்றே ஊர் மக்கள் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மண்கரை எப்படி உடைகிறது?

மண்கரை உடைவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நீர் கரைக்கு மேலே வழிவது. கல்லணையின் மேல் நீர் வழிந்தால் அது தாங்கும். மண்கரையின் மேல் வழிந்தால், வெளிச்சரிவின் மண்ணை அரித்துக்கொண்டே இறங்கும். சில மணி நேரத்தில் கரை அறுந்துவிடும். இதைத் தடுக்கத்தான் கலங்கல் இருக்கிறது. ஏரி நிறைந்ததும் உபரி நீர் பத்திரமாக வெளியேறும் வாசல் அது. கலங்கலின் மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே சில அடி உயரம் காலியாக விட்டிருப்பார்கள். அந்தக் காலி உயரம் வீணான இடம் அல்ல, கரையின் உயிர். இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று கலங்கலில் மணல் மூட்டை அடுக்குவதும், மீன் போகாமலிருக்க வலையும் பலகையும் கட்டுவதும், போக்குக் கால்வாயை அடைத்து வீடு கட்டுவதும் அந்த உயிரைப் பிடுங்கும் செயல்கள்.

இரண்டாவது, கரைக்குள்ளே நடக்கும் அரிப்பு. இதுதான் கண்ணுக்குத் தெரியாமல் கொல்வது. இருபதடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 6 டன் எடையோடு நீர் அழுத்துகிறது. மண்கரையில் கொஞ்சம் கசிவு இருப்பது இயல்பு. கசியும் நீர் தெளிவாக இருக்கும் வரை பெரும்பாலும் பயமில்லை. கசிவு கலங்கலாக வந்தால், நீர் தன்னோடு மண்ணையும் எடுத்து வருகிறது என்று பொருள். வெளிப்புறத்தில் தொடங்கும் அந்தச் சிறு துளை, ஏரியை நோக்கி உள்ளே உள்ளே நீண்டுகொண்டு போகும். அது ஏரி நீரைத் தொட்ட பிறகு நமக்கு மணிக்கணக்கில்கூட அவகாசம் இராது. எலி வளை, நண்டு வளை, கரையான் புற்று, பட்டுப்போன மரத்தின் மக்கிய வேர் ஆகிய எல்லாமே இந்த அரிப்புக்கு ஆயத்த வழிகள். மதகின் சுவரும் மண்ணும் சேரும் இடத்தில் மண் எப்போதும் சரியாக இறுகி இராது. ஆகவே மதகின் ஓரம்தான் பல ஏரிகளின் பலவீனமான இடம்.

மூன்றாவது, சரிவு. நாள் கணக்கில் ஊறிய கரை கனத்து, வெளிப்பக்கம் பெரிய துண்டாக வழுக்கி இறங்கும். கரையடியில் யாராவது மண் எடுத்திருந்தால் இது எளிதாக நடக்கும். ஏரி நீரை மிக வேகமாக இறக்கினால் உட்பக்கமும் இதுபோலச் சரியலாம். எனவே மழை விட்டதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இரண்டு ஊர்கள், இரண்டு முடிவுகள்

மகாராஷ்டிராவின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிற்றூர். அங்கே ஒரு சிறிய மண் அணை. 2019 ஜூலை 2 அன்று இரவு, கனமழையில் அது உடைந்தது. அணைக்குக் கீழே இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. குறைந்தது 19 பேர் இறந்தார்கள். அணையில் கசிவு இருப்பதை முன்பே அதிகாரிகளிடம் முறையிட்டதாக ஊர் மக்கள் கூறினார்கள். அன்றைய மாநில அமைச்சர் ஒருவர், நண்டுகள் குடைந்ததால் அணை பலவீனமடைந்தது என்றார். நாடே கோபப்பட்டது, சிலர் நண்டுகளையே கையில் ஏந்திப் போராடினார்கள்.

நண்டு குடைவது நடக்கக்கூடியதுதான். கடலோரத்தில் வாழும் நமக்கு நண்டு வளையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வளை தோண்டுவது நண்டின் இயல்பு. அதைத் தேடிக் கண்டுபிடித்து அடைப்பது மனிதனின் கடமை. கசிகிறது என்று ஊர் சொன்ன பிறகு, குற்றத்தை நண்டின் மேல் போட முடியாது.

மூன்று ஆண்டு கழித்து, மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் காரம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு வந்த மண் அணையில், முதன்முறையாக நீர் தேங்கியபோதே கசிவு தொடங்கியது. 2022 ஆகஸ்ட் 11 அன்று அது கவனிக்கப்பட்டது. கீழே இருந்த 18 கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பொக்லைன்கள் இரவும் பகலும் ஓரத்தில் ஒரு கால்வாயை வெட்டின. ஆகஸ்ட் 14 அன்று நீர் அந்த வழியாக வெளியேறியது. வயல்கள் பாழாயின, கட்டுமானத்தின் தரம் பற்றிக் கடும் கேள்விகள் எழுந்தன. ஆனால் உயிர் ஒன்றுகூடப் போகவில்லை.

இரண்டும் மண் அணைகள். இரண்டிலும் கசிவு இருந்தது. ஓர் ஊரில் கசிவு முறையீட்டோடு நின்றது. மற்றொன்றில் கசிவைக் கண்டதும் ஊர்கள் காலி செய்யப்பட்டன. உயிரும் மரணமும் அல்லாஹ்வின் கையில். முயற்சி நம் கையில்.

சட்டம் எதுவரை வரும்?

அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, கருவிகள் வைத்துக் கண்காணிப்பு, அவசரகாலச் செயல்திட்டம் என்று பல கடமைகளை அது விதிக்கிறது. ஆனால் இச்சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான் பொருந்தும். நம் ஊர் ஏரிகளில் பெரும்பாலானவற்றின் கரை 10 மீட்டரைத் தொடாது.

பெரிய அணைகளில் கரைக்குள் நீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று காட்டும் அழுத்தமானிக் குழாய்கள் உண்டு. கரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளக்க நிலையான கற்கள் உண்டு. கசியும் நீரை ஒரு வாய்க்காலில் திருப்பி, 'வி' வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே விட்டு அளப்பார்கள். சிற்றேரிகளில் இவை பெரும்பாலும் இல்லை. ஒரு உதவிப் பொறியாளர் பல ஏரிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே இரவில் அவரால் எல்லாக் கரையிலும் நிற்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் கரையடியில் வாழும் மக்கள் மட்டுமே. ஆடு மேய்க்கப் போகும் அம்மாவும், துணி துவைக்கப் போகும் பெண்களும், அதிகாலையில் வலை எடுக்கப் போகும் பெரியவரும் அதிகாரிகளுக்கு முன்பே கரையைப் பார்க்கிறார்கள். அவர்கள் பார்த்ததை யாராவது கேட்க வேண்டும், எழுத வேண்டும், உரிய இடத்தில் சொல்ல வேண்டும்.

எதைப் பார்க்க வேண்டும்?

ஏரி முக்கால் பங்கு நிறைந்துவிட்டால் நாள்தோறும் ஒருமுறை கரையை நடந்து பாருங்கள். கனமழை நாட்களில் அடிக்கடி பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். இருவராக, கையில் தடியும் டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். மழையில் பாம்புகளும் மேட்டைத் தேடி வரும். போகும்போது கரை உச்சியிலும், திரும்பும்போது வெளிப்பக்கக் கரையடியிலும் நடப்பது நல்லது.

1. ஈரம். சுற்றிலும் காய்ந்திருக்க, வெளிச்சரிவில் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக, தரை சொதசொதவென்று இருக்கிறதா? நேற்றைவிட இன்று பரப்பு கூடியிருக்கிறதா?

2. கசிவின் நிறம். ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் அது அவசரச் செய்தி.

3. கசிவின் அளவு. கசிவு ஓடையாக ஓடினால் 10 லிட்டர் வாளியை வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். 20 விநாடியில் நிறைந்தால் ஒரு நாளைக்கு 43,200 லிட்டர் கசிகிறது. மறுநாள் 10 விநாடியில் நிறைந்தால் கசிவு இரட்டித்துவிட்டது. ஏரியின் நீர்மட்டம் உயராமலே கசிவு கூடினால் கவலைப்பட வேண்டும்.

4. கொதிக்கும் ஊற்று. கரையடிக்கு அப்பால் தரையில் நீர் குமிழியிட்டு, சுற்றிலும் மணலை எறும்புப் புற்றுபோலக் குவிக்கிறதா? கரைக்கு அடியில் மண் அரிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

5. வெடிப்பு. கரையின் நீளவாக்கில் வெடிப்பு இருந்தால் சரிவு தொடங்குகிறது என்று பொருள். குறுக்கே இருந்தால் அது நீருக்கு வழியாகிவிடும். வெடிப்பின் இருபுறமும் இரண்டு முளைக்குச்சி அடித்து, இடைவெளியை அளந்து எழுதுங்கள். கூடுகிறதா என்று நாள்தோறும் பாருங்கள்.

6. பள்ளமும் சுழியும். கரை உச்சியில் திடீர்ப் பள்ளம் தெரிந்தாலோ, உட்பக்க நீரில் ஓரிடத்தில் சுழி தெரிந்தாலோ தாமதிக்காதீர்கள். சுழி தெரிந்தால் கரையை விட்டு உடனே விலகுங்கள்.

7. மதகு. ஷட்டர் மூடியிருக்கும்போதும் மதகின் ஓரமாக நீர் வருகிறதா?

8. கலங்கல். செடி, குப்பை, மூட்டை, வலை ஏதும் அடைத்திருக்கிறதா? போக்குக் கால்வாய் திறந்திருக்கிறதா?

9. வளைகளும் மரங்களும். எலி, நண்டு வளைகளை மழைக்கு முன்பே கண்டு அடையாளமிடுங்கள். சீமைக் கருவேலம் கரையில் தடித்திருந்தால் துறைக்குத் தெரிவியுங்கள். மழை நேரத்தில் நீங்களே வேரோடு பிடுங்கிவிட வேண்டாம். அந்தக் குழியே ஆபத்தாகும்.

இவை அனைத்தையும் ஒரு நோட்டில் தேதி, நேரம், நீர்மட்டம், பார்த்தவர் பெயர் போட்டு எழுதுங்கள். செல்போனில் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு தடியையோ செருப்பையோ வைத்து எடுங்கள், அளவு புரியும். ஒரு நாள் பார்த்தது சந்தேகமாக இருக்கலாம். பத்து நாள் எழுதியது சான்று.

கண்டால் என்ன செய்வது?

கலங்கல் நிறத்தில் கசிவு, கொதிக்கும் ஊற்று, விரியும் வெடிப்பு, சரிவு, சுழி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே கிராம நிர்வாக அலுவலருக்கும் நீர்வளத் துறைப் பிரிவு அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். ஒன்றியத்து ஏரியாக இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. எந்த அவசரத்துக்கும் 112. எந்த ஏரி, கரையில் எந்த இடம், மதகிலிருந்து எத்தனை அடி, எப்போது பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கசிவைக் களிமண்ணால் அடைக்க முயலாதீர்கள். இது பலரும் செய்யும் தவறு. ஓரிடத்தில் அடைத்தால் நீர் வேறிடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். நீரை வர விட்டு, மண்ணை மட்டும் தடுக்க வேண்டும் என்பதே பொறியாளர்களின் வழி. அதற்காக ஊற்றின் மேல் முதலில் மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று பரப்புவார்கள். அல்லது ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையால் வட்டக் கட்டு எழுப்பி, உள்ளே நீர்மட்டத்தை உயர்த்தி வேகத்தைக் குறைப்பார்கள். இவை அலுவலர் மேற்பார்வையில் செய்ய வேண்டியவை. நம் வாலிபர்கள் மூட்டை நிரப்பிக் கொடுத்து உதவலாம். வேடிக்கை பார்க்கக் கரையில் கூடுவதும், டிராக்டரையும் காரையும் கரை மேல் ஏற்றுவதும் கூடவே கூடாது. எங்கள் தெரு மூழ்குகிறது என்று கரையையோ கலங்கலையோ நாமே வெட்டுவதும் கூடாது. அது இன்னொரு தெருவின் உயிரோடு விளையாடுவதாகும்.

2015 நமக்குச் சொன்னது

2015 டிசம்பர் முதல் வாரத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகளில் வீடுகள் மூழ்கின, பலர் உயிரிழந்தார்கள். அந்த நாட்களில் பள்ளிவாசல்கள் பல, மதம் பாராமல் எல்லோருக்கும் கதவைத் திறந்தன. தொழும் பாய்களில் குழந்தைகள் தூங்கினார்கள்.

அப்போது "ஏரி உடைந்துவிட்டது" என்ற வதந்தியும் பரவியது. செம்பரம்பாக்கத்தின் கரை உடையவில்லை. உபரி நீர் திறப்பது வேறு, கரை உடைவது வேறு. திறப்பு என்றால் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும். உடைப்பு என்றால் கரைக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அந்த நொடியே கிளம்ப வேண்டும். தவறான செய்தியால் ஓடியவர்கள் மெய்யான எச்சரிக்கை வரும்போது நம்ப மாட்டார்கள். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். எனவே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஏரி பற்றிய அறிவிப்பைச் செய்யுமுன், நிர்வாகிகள் அலுவலரிடமோ கட்டுப்பாட்டு அறையிலோ உறுதி செய்துகொள்ள வேண்டும். உறுதியானால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

கடலோரத்தில் வரப்போகும் நீர்த்தேக்கம்

இந்தப் பேச்சு உள்நாட்டு ஏரிகளோடு முடியவில்லை. கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் நடுவில் உள்ள தாழ்நிலத்தில் சுமார் 1.6 டி.எம்.சி. கொள்ளளவுள்ள புதிய நீர்த்தேக்கம் அமையும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருந்தும், கோடையில் குடத்தோடு நிற்கும் ஊர்களுக்கு மழைநீரைச் சேமிப்பது நல்ல செய்தியே. உப்பங்கழியை நம்பி வாழும் மீனவர்களும் சூழலியலாளர்களும் எழுப்பும் கேள்விகளுக்கும் நேர்மையான பதில் வேண்டும்.

கரையைப் பற்றி நாமும் கேட்க வேண்டியது உண்டு. மண் அணைக்கு மிக ஆபத்தான காலம் அது முதன்முதலாக நிறையும் காலம். காரம் அணை அதைத்தான் காட்டியது. சதுப்பான, மணல் கலந்த நிலத்தில் எழும் கரை ஆண்டுக்கணக்கில் அமுங்கும். ஆகவே மெதுவாக, நிலை நிலையாக நிரப்புவார்களா? கசிவையும் அமுக்கத்தையும் அளக்கும் கருவிகள் இருக்குமா? அந்த அளவுகள் ஊராட்சி அலுவலகத்தில் பலகையில் எழுதப்படுமா? புயல் எச்சரிக்கை வந்தால் எந்த ஊர் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று முன்பே சொல்வார்களா? கிராம சபையில் எழுந்து இவற்றைக் கேட்பது எதிர்ப்பு அல்ல. அக்கறை.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் தர்மம் என்று கற்ற சமுதாயம் நாம். கிணறு ஒன்றை விலைக்கு வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் முன்மாதிரி நமக்கு இருக்கிறது. நீரைக் கொடுப்பது தர்மமானால், அந்த நீர் ஊரை அழிக்காமல் காப்பதும் தர்மமே.

ஏரிக்கரை அருகே உள்ள ஒவ்வொரு ஜமாஅத்தும் நான்கு பேரைக் கரைக் காவலுக்குப் பொறுப்பாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர்களில் இருவர் மாற்றுமதச் சகோதரர்களாக இருந்தால் இன்னும் நல்லது. ஏரி எல்லோருக்கும் பொது. அவர்களுக்கான டார்ச், மழைச் சட்டை, நோட்டு ஆகியவற்றை அறக்கட்டளையின் ஸதகா நிதியிலிருந்து வழங்குவோம். ஜகாத் நிதி இதற்குத் தொடப்படாது, அதற்குரியவர்கள் வேறு. கரைக்குக் கீழே வாழும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் யார் யார், அவர்களை யார் தூக்கி வருவது என்ற பட்டியலையும் இப்போதே எழுதி வையுங்கள். ரேஷன் அட்டை, ஆதார், மருந்துச் சீட்டு ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.

மழை அல்லாஹ்வின் அருள். அதைத் தாங்கி நிற்கும் கரை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். துஆ கேட்போம். அதோடு, ஃபஜ்ரு தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில் கரை மேல் ஏறி ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். இன்ஷா அல்லாஹ், இந்த மழைக்காலம் நம் அனைவருக்கும் பரக்கத்தாக அமையட்டும். ஆமீன்.